ஓய்வெடுத்தால் கூடும் வலி

மின்கம்பத்தின் மேல் நிற்கும்போது எனக்கு ஒருநாளும் முதுகு வலித்ததில்லை. வலியெல்லாம் பாயில்தான்.

ஜவ்வாது மலையில் மின்வாரிய ஒயர்மேனாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் இது தொடங்கியது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். ஒருநாள் காலையில் கண் விழித்து எழப் பார்த்தேன். இடுப்போடு சேர்த்துப் பலகை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் வேர்த்துவிட்டது. முதல்நாள் கம்பத்துக்கு இரும்புச் சட்டம் தூக்கியதில் எங்கேயோ பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் அப்படியே. ஒரு வாரம் வலது புட்டத்துக்குள் ஆழமாக வலிக்கும். அடுத்த வாரம் அங்கே ஒன்றும் இருக்காது, இடது பக்கம் வலிக்கும். அடிபட்ட வலி இப்படிப் பக்கம் மாறிக்கொண்டு போகுமா என்று அப்போதே தோன்றியது.

கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. கம்பம் ஏறுகிற உடம்பு என்றார்கள். மலைப்பாதையில் பைக் ஓட்டுவதால் என்றார்கள். மாமியார் உடம்புச் சூடு என்று சொல்லி நல்லெண்ணெய் கொடுத்து அனுப்பினார். என் மனைவி மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. காலையில் என்னால் குனிந்து பாயைச் சுருட்ட முடியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவளே சுருட்டி வைக்கத் தொடங்கினாள். "ஞாயித்துக்கிழமைதான் உங்களுக்கு ரொம்ப வலிக்குது, பாத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு உறைத்தது. வேலை இல்லாத நாளில்தான் நான் மதியம்வரை விறைத்துக் கிடந்தேன்.

ஆறேழு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, மலைக்குக் கீழே ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். அடி முதுகில் டிஸ்க் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்றார். இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். மூன்று வாரம் கட்டாந்தரையில் பாய் போட்டு அசையாமல் படுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தால் எனக்கு வலி கூடுகிறதே என்று சொல்லிப் பார்த்தேன். அது அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படுத்தேன். முதல் வாரமே நரகம். விடியும் முன்பே வலி எழுப்பிவிடும். பன்னிரண்டு மணிக்குக்கூட இடுப்பு இளகவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, காற்றும் மழையும் அடித்து ஒரு புளியங்கிளை எங்கோ லைன் மேல் விழுந்து மூன்று ஊர்களுக்குக் கரண்ட் போய்விட்டது. அந்தப் பக்கம் கம்பிகள் எந்தக் காட்டுக்குள் எப்படிப் போகின்றன என்று சரியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். செக்சன் ஆபீஸில் இருந்து போன் வந்தது. மனைவி வேண்டாம் என்றாள். நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்கும் பாறைகளில் ஏறி இறங்கி, நாலு மைல் போல நடந்தோம். முதல் அரை மணிநேரம் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தேன். பிறகு வலி குறைந்தது. கிளை விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது என் முதுகை நான் மறந்தே போயிருந்தேன். பெல்ட் உறுத்துகிறது என்று அவிழ்த்து ஒரு கிளையில் மாட்டிவிட்டு கம்பத்தில் ஏறினேன். மேலே நின்றுகொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. பத்து நாள் படுத்துக் கிடைக்காத சுகம் நாலு மைல் நடந்ததில் கிடைத்திருக்கிறது. சந்தோஷத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. டிஸ்க் என்றால் இப்படி நடக்காதே. அப்படியென்றால் இது என்ன?

அந்த பெல்ட்டை நான் திரும்பிப் போய் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். எழுந்த நேரம், இடுப்பு இளகிய நேரம், முதல்நாள் என்ன வேலை, எவ்வளவு நடந்தேன். லைனில் பழுது வந்தால் எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவே என்று குறுக்கிக்கொண்டே வருவோம். அதே பழக்கம்தான். இரண்டு மாதம் எழுதிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நடந்த நாளுக்கு மறுநாள் சீக்கிரம் இளகுகிறது, ஜீப்பில் உட்கார்ந்து போன நாளுக்கு மறுநாள் இளகத் தாமதமாகிறது. கூட வேலை செய்யும் லைன்மேனிடம் காட்டினேன். "வேல செஞ்சா வலி போவுதுன்னா கவர்மெண்ட்டு குடுத்து வச்சிருக்கணும்பா உன்ன மாதிரி ஆளு கெடைக்க" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. நடுவில் குதிகால் வலி வந்தது. காலையில் தரையில் கால் வைத்தால் முள்ளில் வைத்ததுபோல் இருக்கும். ஷூ மாற்றினேன். கம்பம் ஏறுவதால் என்று அதற்கும் காரணம் சொன்னார்கள். முதுகும் குதிகாலும் ஒரே கதையின் பகுதிகள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதுகுக்கும் குதிகாலுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறதே.

விடை கிடைத்தது கண் வழியாக.

ஒரு மார்ச் மாதம் வலது கண் சிவந்தது. கம்பத்து மேலிருந்து தூசி விழுந்திருக்கும் என்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி குத்தியது. பார்வை மங்கலானது. மெட்ராஸ் ஐ என்று சொல்லி ஆபீஸில் என்னைத் தள்ளி உட்கார வைத்தார்கள். திருப்பத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி நீண்ட நேரம் கண்ணுக்குள் பார்த்தார். தூசி இல்லை, ஒட்டுகிற கண்ணோயும் இல்லை, கருவிழிக்குப் பின்னால் உள்ளேயே வீக்கம் என்றார். சொட்டு மருந்து எழுதினார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"காலைல எழுந்திருக்கும்போது முதுகு பிடிச்சிருக்குமா உங்களுக்கு?"

கண்ணைக் காட்ட வந்தவனிடம் இவர் முதுகைக் கேட்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடந்தா சரியாப் போயிடுமா?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

எட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். கண்ணுக்குள் இப்படிப்பட்ட வீக்கத்தோடு வரும் இளவயதுக்காரர்களிடம் முதுகைப் பற்றிக் கேட்பது தன் வழக்கம் என்றார். இரண்டும் பல நேரம் ஒரே வேரிலிருந்து வரும், வேலூருக்குப் போய் மூட்டு வாதத்துக்கென்று இருக்கும் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். புரியவில்லை. ஆனாலும் படித்தேன்.

வேலூர் டாக்டர் என்னைவிட ஓரிரு வயது சின்னவர். முதலில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு நிற்க வைத்து, முதுகின் அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி டேப்பால் அளந்தார். குனியும்போது அந்த இரண்டு கோடுகளும் நன்றாக விலக வேண்டுமாம். என்னுடையவை கொஞ்சம்தான் விலகின. மூச்சை இழுக்கச் சொல்லி நெஞ்சையும் அளந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் வந்தபோது படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும், வெள்ளையாக மினுங்கியது. எனக்கு இடமும் வலமுமாக மாறி மாறி வலித்த அதே ஆழம். அந்த வெள்ளைதான் அழற்சி என்றார். நோயின் பெயர் ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்.

மற்றவர்கள் பெயர் தெரிந்ததும் மருந்து என்ன என்று கேட்பார்களாம். நான் இது ஏன் வருகிறது என்று கேட்டேன். அன்று அவருக்குக் கூட்டம் இல்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னார்.

தேய்மானத்தால் வருகிற மூட்டு நோய் வேறு, இது வேறு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பின் மேல் திரும்புவதால் வருவது இது. மற்ற மூட்டு வாதங்கள் மூட்டின் உள் சவ்வில் தொடங்கும். இது தொடங்குவது தசைநார் எலும்பில் வந்து ஒட்டும் இடங்களில். முதுகுத்தண்டில் அப்படிப்பட்ட இடங்கள் வரிசையாக இருக்கின்றன. இடுப்பு மூட்டு அப்படி ஓர் இடம். "குதிகாலும் அப்படி ஓர் இடம்தான்" என்று அவர் சொன்னபோது நான் என் ஷூவைப் பார்த்தேன். நடக்கும்போதும் தூக்கும்போதும் இந்த ஒட்டுகளில்தான் இழுவிசை விழும். எல்லோருக்கும் அங்கே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல்கள் வரும், ஆறும். என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் அங்கே கூடும் எதிர்ப்பு அணுக்கள் வேலை முடிந்தும் கலைந்து போவதில்லை.

ஏன் கலைவதில்லை என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் ரத்தப் பரிசோதனையைக் காட்டினார். எச்.எல்.ஏ. பி இருபத்தேழு என்று ஒரு மரபணு எனக்கு இருந்தது. அந்த மரபணு செய்யும் புரதம் உடம்பின் உயிரணுக்களின் வெளிப்புறத்தில் நிற்கும். அணுவுக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று துண்டு துண்டாக எடுத்து வெளியே நீட்டிக் காட்டுவது அதன் வேலை. காவலுக்கு வரும் வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்யும். இந்த வகைப் புரதம் எங்கே தப்பு செய்கிறது என்பதில் பல சந்தேகங்கள் இருக்கின்றன என்றார். நம்முடைய துண்டையே கிருமியின் துண்டுபோல் காட்டிவிடுகிறது என்பது ஒன்று. அணுவுக்குள்ளேயே சரியாக மடியாமல் கசங்கிக் குவிந்து, அதனால் அந்த அணு அபாயக் குரல் கொடுக்கிறது என்பது இன்னொன்று. வெளியே வந்தபின் இரண்டு இரண்டாகச் சேர்ந்துகொண்டு, தேவையில்லாமல் வேறு அணுக்களை உசுப்பிவிடுகிறது என்பது மூன்றாவது.

"இதுல எது சரிங்க?"

"தெரியலைங்க. மூணுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்."

ஒரு டாக்டர் தெரியவில்லை என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

குடலைப் பற்றியும் சொன்னார். இந்த நோய் உள்ள பலருக்கு, வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியாதபோதே குடல் சுவரில் லேசான அழற்சி இருக்குமாம். குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணுக்குகள் அந்தச் சுவரைத் தாண்டிக் கசிந்து, அங்கிருந்தே இந்த உசுப்பல் தொடங்குகிறது என்று நினைக்கிறார்களாம். அங்கே சில தூது ரசாயனங்கள் உண்டாகி, ரத்தத்தில் போய், தசைநார் ஒட்டும் இடங்களில் காத்திருக்கும் அணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் ஓடைத் தண்ணீர் குடித்துப் பத்து நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதனால்தானோ என்று கேட்டேன். வயிற்றுப்போக்குக்குப் பின்னால் நேரடியாக வரும் மூட்டு வாதம் ஒன்று உண்டு, உங்களுடையது அது இல்லை, ஆனால் அந்தக் கிருமி எதையும் தூண்டவில்லை என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

வலி ஏன் விடியும் முன் வருகிறது என்றும் கேட்டேன். அழற்சியை ஏற்றும் அந்த ரசாயனங்களுக்கு உடம்பின் கடிகாரப்படி ஏற்ற இறக்கம் உண்டாம். விடியலுக்கு முன் அவை உச்சத்தில் இருக்கும். அதோடு மணிக்கணக்கில் அசையாமல் கிடந்த விறைப்பும் சேர்ந்துகொள்ளும், நடந்தால் அதுதான் இளகுகிறது. என் நோட்டு சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்றார் கடைசியில். பெற்றோரிடமிருந்துதான் வந்திருக்கும். "உங்க வீட்ல யாருக்காவது முதுகு வளைஞ்சிருக்கா?"

என் அப்பாவுக்கு வளைந்திருந்தது. ஊருக்கே தெரியும். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க அவர் முழங்காலை மடக்கி உடம்பு முழுவதையும் பின்னால் சாய்க்க வேண்டும். ஆனால் அதற்குக் காரணமும் ஊருக்கே தெரிந்திருந்தது. புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தவர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விழுந்ததால் வளைந்தது என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. எது முதலில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அமிர்தி வழியாக மலை ஏறும் பஸ்ஸில் இரண்டு மணிநேரமும் அதே யோசனைதான். வீட்டுக்குப் போகாமல் நேராக அப்பாவின் ஊருக்குப் போனேன். அவர் வாசலில் சாமை காயவைத்து, கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். என் நோயைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"நைனா, மரத்துலேருந்து வுழுந்த அப்பறம்தான் உனக்கு முதுகு புடிச்சிதா? அதுக்கு முன்னாடியே காலைல புடிச்சிக்கினு இருந்துதா?"

கோழி இரண்டு முறை வந்து போனது. அப்பா விரட்டவில்லை.

"வுழுந்ததே அதனாலதாண்டா" என்றார். "கழுத்து திரும்பல. கால் வைக்கிற கொம்பு பட்டுப்போனதுன்னு பாக்க முடியல. வெச்சேன், முறிஞ்சிட்சி."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலே கேட்கக் கேட்கச் சொன்னார். எனக்கு வந்த வயதில்தான் அவருக்கும் வந்திருக்கிறது. என் அப்பா எங்கள் ஊரில் பெரிய உழைப்பாளி என்று பெயர் எடுத்தவர். சேவல் கூவும் முன்பே கொல்லை நிலத்தில் வேலையாக இருப்பார் என்று அவரைக் காட்டித்தான் மற்ற ஆண்களைத் திட்டுவார்கள். என் அம்மா உயிரோடு இருந்தவரை அதில் அவளுக்குப் பெருமை. அவர் ஏன் அந்த நேரத்துக்கு எழுந்து போனார் என்று யாரும் கேட்டதில்லை.

"படுத்தா வலிக்குது. எழுந்து நடந்தா வுட்டுடுது. அதான் கொல்லைக்குப் போய்டுவேன். உழைப்பாளின்னாங்க. சரி, நல்லதுதான சொல்றாங்கன்னு இருந்துட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நோட்டு போட்டு எழுதிக் கண்டுபிடித்ததை அவர் முப்பது வருடத்துக்கு முன்பே உடம்பால் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறோம்.

அடுத்த முறை வேலூருக்கு அவரையும் அழைத்துப் போனேன். அவருக்கு எக்ஸ்ரேயே போதும், எம்.ஆர்.ஐ. எல்லாம் தேவைப்படவில்லை. எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளிகளின் ஓரங்களில் எலும்பே பாலம் கட்டியிருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே தண்டு, கணுக்கணுவாக. அழற்சி முதலில் எலும்பின் ஓரத்தை அரிக்கும், பிறகு உடம்பு அதை ஆற்றப் பார்க்கும், ஆற்றும்போது அளவு தெரியாமல் எலும்பை வளர்த்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். பழுது பார்க்க வந்த வேலை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது ஏன் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம். இப்படி ஆன முதுகை மூங்கில் தண்டு என்று தங்கள் புத்தகங்களில் சொல்வார்கள் என்றார்.

அப்பா முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து, திரையை நன்றாகப் பார்த்தார்.

"மூங்கி வளையுங்களே" என்றார். "இது எங்க வளையுது?"

டாக்டர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஆமாங்க, வளையாது" என்றார். வளையாத தண்டு சின்ன அடிக்கே உடைந்துவிடும், இனிமேல் மரம் ஏறவே கூடாது, கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒட்டிய எலும்பைப் பிரிக்க மருந்து இல்லை. நெஞ்சுக்கூடு விரிவதற்குச் சில மூச்சுப் பயிற்சிகள் கொடுத்தார். பீடி பிடிப்பீர்களா என்று கேட்டார். பிடிப்பேன் என்றார் அப்பா. எலும்பு வேகமாக ஒட்டுவதற்குப் புகையும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும், "அத அப்பவே எவனாவது சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி, இடுப்பிலிருந்த பீடிக் கட்டை எடுத்து ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டார். இரண்டு நாள் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பிடித்தார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு.

எனக்கு முதலில் மாத்திரை. ஒரு மாதத்தில் காலை விறைப்பு அரைமணியாகச் சுருங்கியது. ஆனால் கண் மறுபடியும் இரண்டு முறை சிவந்ததால் ஊசிக்கு மாற்றினார்கள். அந்தத் தூது ரசாயனங்களில் ஒன்றைப் பிடித்து அடைக்கும் ஊசி. அதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகுக்கு ஊசி போட நெஞ்சை ஏன் பார்க்கிறீர்கள் என்றேன். என் முதுகைப் படுத்தும் அதே ரசாயனம்தான், நம் ஊரில் பலருக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை வேலி போட்டு அடைத்தும் வைத்திருக்கிறதாம். ஒன்றை நிறுத்தினால் மற்றது அவிழ்ந்துகொள்ளலாம். முழுக்கக் கெட்டது என்று உடம்புக்குள் ஒன்றும் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஓர் அக்கா. ஆலங்காயம் பக்கம் இறங்கும் சரிவில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கும் முதுகு வலி உண்டு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்தபோது முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டார்கள், அன்றிலிருந்துதான் என்பாள். அவள் ஊரில் முதுகு வலிக்கும் பெண்களில் பாதிப்பேர் அதையேதான் சொன்னார்கள். நான் போன் செய்து அப்பாவின் கதையைச் சொல்லி, நீயும் ஒருமுறை காட்டு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு ஒரு நோவு வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் அதே நோவா என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மொத புள்ளைக்கு ஏதுடா ஊசி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்ததும் மெதுவாகச் சொன்னாள். முதல் குழந்தை சுகப்பிரசவம். ஊசியே கிடையாது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போதே காலையில் குனிந்து அதைத் தூக்க முடியாமல், நாத்தனாரைத் தூக்கித் தரச் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. அதற்காகச் சோம்பேறி என்று மாமியாரிடம் வாங்கிய திட்டும் கூடவே நினைவு வந்திருக்கிறது. ஒரு மாதமாக அதையே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதே வலிக்கு என் அப்பாவுக்கு உழைப்பாளி என்று பெயர். அவளுக்குச் சோம்பேறி என்று பெயர்.

வேலூரில் அவளுடைய எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. சரி, நமக்கு இல்லை என்று அவள் எழுந்துவிட்டாள். டாக்டர் விடவில்லை. பெண்களுக்குப் பல வருடம்வரை எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், அதனாலேயே வேறு எதையாவது சொல்லி அனுப்பிவிடுகிறோம் என்றார். எம்.ஆர்.ஐ.யில் எனக்கு மினுங்கிய அதே இடத்தில் அவளுக்கும் வெள்ளையாக இருந்தது. மரபணுவும் இருந்தது. வராண்டாவுக்கு வந்ததும் அழுதாள். ஆறுதல் சொல்லப் போனேன். அழுகை நோய்க்காக இல்லை என்றாள்.

"பதினோரு வருசமா அந்த ஊசியத் திட்டிக்கினு இருந்தேன். அந்த டாக்டரம்மாவ எங்க பாத்தாலும் மூஞ்சத் திருப்பிக்குவேன். அது எம் புள்ளையக் காப்பாத்துன டாக்டரு."

டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவளுக்கு மாத்திரையே போதுமானதாக இருந்தது. இரண்டாம் மாதம் போன் செய்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் எழுந்தேன் என்றாள். இப்போது என்னைவிட அவள்தான் டாக்டரிடம் அதிகம் கேட்கிறாள். போன முறை நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போயிருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே மரபணு, அப்பாவுக்கு முழுக்க ஒட்டிக்கொண்டது, தம்பிக்குக் கண்ணுக்கு வந்தது, தனக்கு எலும்பு ஒட்டவே இல்லை, ஒரே வீட்டுத் தண்ணீரும் சாப்பாடும்தானே என்று கேட்டாள். பீடி பாதி பதில் என்றார் டாக்டர். ஆண்களுக்கு எலும்பு அதிகம் ஒட்டும் என்பது இன்னும் கொஞ்சம் பதில். அந்த ஒரு மரபணு தவிர வேறு பல சின்ன மரபணுக்களும் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி பங்கு பிரிந்திருக்கும். மீதி தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இப்போதே ரத்தம் பரிசோதிக்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். மரபணு இருந்தாலும் வராமலே போகலாம், வெறும் பயத்தைச் சுமக்க வைப்பதில் பயனில்லை. காலை விறைப்பு வந்தால், நடந்தால் குறைந்தால், அப்போது தாமதிக்காமல் வாருங்கள். அக்கா அதை ஒப்புக்கொண்டாள். நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் அது என் ரத்தம் இல்லை, என் மகளுடையது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அன்று திரும்பும் வழியில் கணியம்பாடியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கொய்யாப்பழக்காரி ஒருத்தி, தலையில் கூடையோடு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள். அக்கா பழம் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காலையில எழுந்தா புடிச்சிக்குதா, நடந்தா வுட்டுடுதா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். நடந்தால்தான் அதிகம் வலிக்கிறது, உட்கார்ந்தால் தேவலை என்றாள் பழக்காரி. அப்படியென்றால் இது வேறு வலி என்று அக்கா எங்களிடம் சொன்னாள். அப்பா அதற்குள் மூன்று கொய்யாவைப் பொறுக்கி மடியில் வைத்திருந்தார்.